வால்வு சூடாகட்டும்

குழாய்க்கு வாஷர் வாங்கிவரப் போன வெர்ன் மூன்று மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வீட்டுக்குள் நுழைந்தார். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கடியில் ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டு அவர் மனைவி மார்லா கைகட்டி நின்றிருந்தாள்.

"வாஷர் எங்க?"

"கடையில இல்ல."

"டுலூத் ஊர் முழுக்க ஒரு வாஷர் இல்லையா?"

"இந்த சைஸ் இல்ல" என்று சொல்லிவிட்டு வெர்ன் காலணியில் ஒட்டியிருந்த பனியைத் தட்டுவதில் மும்முரமானார்.

அவர் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. பாலத்தைத் தாண்டி பக்கத்து ஊரான சுப்பீரியருக்குப் போயிருந்தார். அங்கே ஆர்வில் ஹாகன் என்பவர் ஒரு பழைய வால்வு ப்ரீஆம்ப் விற்பதாக விளம்பரம் கொடுத்திருந்தார். இசைத்தட்டிலிருந்து ஊசி எடுக்கும் மெல்லிய சத்தத்தைப் பெருக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிற பெட்டி. மேலே நான்கு கண்ணாடி வால்வுகள், சூடானால் ஆரஞ்சு நிறத்தில் கண் சிமிட்டும். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற வெர்னுக்கு இந்த மாதிரிப் பெட்டிகளைக் கண்டால் கை சும்மா இருக்காது. போன கிறிஸ்துமஸ் சமயத்தில் அலமாரியைத் திறந்த மார்லாவின் தலையில் ஒரு கூடை வயர் கொட்டியது. அன்றைக்கு, "இனி ஒரு பெட்டிகூட வாங்க மாட்டேன்" என்று சத்தியம் செய்திருந்தார்.

ஆர்விலுக்கு எண்பது வயதிருக்கும். வெர்னை நிலவறைக்கு அழைத்துப்போனார். சுவர் முழுக்க இசைத்தட்டுகள். சோபாவில் டெல்மர் என்று ஒருவர், வீட்டுச் செருப்போடு கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

வெர்ன் பணத்தை எடுத்தார்.

"பணத்த உள்ள வைங்க தம்பி. சத்தத்தக் கேக்காம வாங்குவீங்களா? வால்வு சூடாகட்டும்" என்றார் ஆர்வில்.

வால்வு சூடாக நாற்பது நிமிடம். டெல்மர் காப்பி போட்டு, ஏலக்காய் ரொட்டியை நறுக்கிக்கொண்டுவந்தார். பிறகு ஒரு இசைத்தட்டு ஓடியது. பாடகி மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. வெர்ன் மறுபடியும் பணத்தை எடுத்தார்.

"எடுத்துக்கறேன்" என்றார்.

ஆர்வில் காதைச் சாய்த்தார். "மூணாவது வால்வு முனகுது. உங்களுக்குக் கேக்கல?"

"இல்லையே."

"எனக்குக் கேக்குது. கெட்ட சாமான விக்க மாட்டேன். அடுத்த சனிக்கிழமை வாங்க, மாத்தி வைக்கறேன்."

அடுத்த சனிக்கிழமைக்கு ஒரு காரணம் வேண்டும். வாஷர் இனிமேல் செல்லாது. யோசித்து யோசித்து, இரவு உணவின்போது வெர்ன் சொன்னார்: "சர்ச்சுல பாட்டுக் குழுவுல சேர்ந்திருக்கேன். சனிக்கிழமை மத்தியானம் ஒத்திகை."

மார்லாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "நீயா?"

"நானேதான்."

"குளிக்கும்போதுகூடப் பாட மாட்டியே!"

"அதான் இப்ப ஆரம்பிக்கறேன்."

மார்லா கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்துபோய் பாட்டுக் குழுவின் தலைவி பெர்னிஸைத் தொலைபேசியில் கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னாள்.

பத்தாவது நிமிடத்தில் பெர்னிஸ் வெர்னைக் கூப்பிட்டாள். "கடவுள்தான் உங்கள அனுப்பியிருக்காரு! அடிக்குரல் பாட ஆளில்லாம தவிச்சிக்கிட்டிருக்கேன். ஆனா ஒத்திகை புதன்கிழமை ஆச்சே?"

"புதன் வந்திடறேன். சனிக்கிழமை... வீட்டுக்கு வெளிய தனியாப் பழகறேன்."

"தனியாவா? அவ்வளவு ஆர்வமா? அப்படின்னா ஈஸ்டருக்குத் தனிப்பாட்டு உங்களுக்குத்தான்!"

வெர்ன் தொலைபேசியை வைத்தபோது மார்லா ஏற்கெனவே ஃபார்கோவில் இருந்த தன் தங்கை கான்னிக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். கான்னி, அவள் கணவன், மாமியார், எல்லோரும் ஈஸ்டருக்கு வருகிறார்களாம்.

இரண்டாவது சனிக்கிழமை புது வால்வு இருந்தது. ஆனால் வலப்பக்க ஒலி இடப்பக்கத்தைவிட ஒரு மயிரிழை குறைவு என்றார் ஆர்வில். மூன்றாவது சனிக்கிழமை அது சரியானது. ஆனால் பின்பக்கச் செருகியில் துரு. ஒவ்வொரு தடவையும் நாற்பது நிமிடச் சூடு, காப்பி, ஏலக்காய் ரொட்டி. நாலு தட்டாவது கேட்காமல் யாரும் எழுந்திருப்பதில்லை. புதன்கிழமைகளில் பெர்னிஸ், "லாரி மேட்டுல ஏறற மாதிரி இருக்கு, வெர்ன். கொஞ்சம் கியரைக் குறைங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

நாலாவது சனிக்கிழமை வெர்ன் நிலவறைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன தம்பி?" என்றார் ஆர்வில்.

வெர்ன் எல்லாவற்றையும் கொட்டினார். வாஷர், பொய், தனிப்பாட்டு, ஃபார்கோ.

டெல்மர் சிரித்துச் சிரித்துச் சோபாவில் சரிந்தார். ஆர்வில் சிரிக்கவில்லை. அலமாரியைத் துழாவி ஒரு தட்டை எடுத்தார்.

"இவரு பழைய காலத்து அடிக்குரல்காரர். கூடவே பாடுங்க. அவரு மூச்சு விடற இடத்துல நீங்களும் விடுங்க. அவ்வளவுதான் வித்தை."

வெர்ன் பாடினார். டெல்மர் கையால் தாளம் போட்டார். முதலில் லாரி மேட்டில் ஏறியது. மூன்றாவது தடவை கொஞ்சம் சமதளத்துக்கு வந்தது. அன்றைக்குப் பெட்டியில் என்ன கோளாறு என்று ஆர்வில் சொல்லவில்லை, வெர்னும் கேட்கவில்லை.

ஈஸ்டர் ஞாயிறு. சர்ச்சில் லில்லிப் பூ வாசனை. முதல் வரிசையில் ஃபார்கோ பட்டாளம். வெர்ன் எழுந்து முன்னால் வந்து நின்றார். முதல் வரி ஒருபக்கமாக இழுத்தது. இரண்டாவது வரியில் அந்தப் பழைய பாடகர் மூச்சு விட்ட இடத்தில் இவரும் விட்டார். அதன் பிறகு குரல் தானாகவே வழியைப் பிடித்துக்கொண்டது. பாட்டு முடிந்தபோது மார்லா கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

விருந்தினர் போன பிறகு வெர்ன் வாயைத் திறந்தார். "மார்லா, அந்த சனிக்கிழமை ஒத்திகை..."

"சுப்பீரியர்ல நடந்துச்சு. உன் பேன்ட் பையில விளம்பரத் துண்டு இருந்துச்சு. முதல் வாரமே துணி துவைக்கும்போது பாத்தேன். தவிர, ஒத்திகை புதன்கிழமைன்னு அந்த சர்ச் மெழுகுவத்திக்குக்கூடத் தெரியும்."

"அப்பறம் ஏன் சும்மா இருந்த?"

"முப்பத்தெட்டு வருஷமா ஒரு பாட்டுப் பாடுன்னு கேக்கறேன். இப்பதான் வாய் திறந்த. நடுவுல கெடுப்பேனா?" அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். "அந்தப் பெட்டிய நானே வாங்கித் தரேன். சனிக்கிழமை ரெண்டு பேரும் போவோம்."

சனிக்கிழமை மார்லா கைப்பையோடு நிலவறையில் இறங்கினாள். ஆர்வில் எழுந்து நின்று கைகுலுக்கினார். வால்வு சூடாகட்டும் என்றார். நாற்பது நிமிடம். தட்டு ஓடியது. மார்லா கண்ணை மூடிக் கேட்டாள். இரண்டாவது தட்டை அவளே போடச் சொன்னாள்.

பிறகு பணத்தை மேசைமேல் வைத்தாள். "பேக் பண்ணிக் குடுங்க."

ஆர்வில் ஒரு குமிழைத் திருகினார். காதைச் சாய்த்தார். "கரகரங்குது. உங்களுக்குக் கேக்கல? அடுத்த சனிக்கிழமை..."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே!" என்றாள் மார்லா. வெர்ன் அவள் கையைப் பிடித்து அழுத்தினார். அவள் பொறுமை போய், காலிக் கோப்பைகளை அள்ளிக்கொண்டு சமையலறைக்கு ஏறினாள். அங்கே டெல்மர் ஏலக்காய் ரொட்டியை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"உங்க அண்ணன் எப்பவுமே இப்படித்தானா?" என்று கேட்டாள்.

டெல்மர் கத்தியைக் கீழே வைத்தார்.

"அண்ணனா? நானும் அந்தப் பெட்டிய வாங்கத்தாங்க வந்தேன், ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி."