கண்டிக்குப் பத்து நிமிடம்

2024 மார்ச் பதினொன்றாம் திகதி, திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு, கண்டியைச் சுற்றியுள்ள பதினான்கு குடியிருப்புப் பகுதிகளின் தலைவிதி சேந்தன் ஸ்ரீஸ்கந்தராசாவின் கையில் ஒப்படைக்கப்பட்டது. அன்றுதான் அவர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, புறநகர்ப் பயண நேர நிர்ணய அலகின் உதவிப் பணிப்பாளராகக் கடமையேற்றார்.

அப்படியோர் அலகு தேவைப்பட்டதற்குக் காரணம் வீட்டு விளம்பரங்கள். கண்டி வளர வளர, வாடகைக்கு விடப்படும் எல்லா வீடுகளும் "கண்டிக்குப் பத்து நிமிடம்" ஆகின. மாத்தளை வீதியில் பாதித் தூரத்தில் இருக்கும் வீடும் பத்து நிமிடம். முச்சக்கர வண்டி ஏற மாட்டேன் என்று அடிவாரத்திலேயே ஆளை இறக்கிவிடும் மலைவீடும் பத்து நிமிடம். நம்பிக் குடிபோனவர்கள் முறைப்பாடு செய்தார்கள். முறைப்பாடுகளைக் கவனமாகப் பரிசீலித்த மேலிடம், குடிமக்கள் தத்தம் விருப்பப்படி பொய் சொல்வதை இனியும் அனுமதிக்க முடியாது, நிமிடங்களை அரசாங்கமே நிர்ணயிக்கும் என்று தீர்மானித்தது.

சேந்தனுக்கு ஒரு ஜீப், ஒரு சாரதி, ஒரு நிறுத்தற் கடிகாரம், வெளிக்கள உத்தியோகத்தர் ராஜலிங்கம் ஆகியவை வழங்கப்பட்டன. ராஜலிங்கம் ஹேவாஹெட்டக்காரர், கண்டி வீதிகளில் வாழ்நாளில் பெரும்பகுதியைக் காத்திருந்தே கழித்தவர்.

முதலாவது அளவீடு குண்டசாலையிலிருந்து தொடங்கியது. தென்னக்கும்புர பாலத்துக்கு வெகு முன்னதாகவே ஜீப் நின்றுவிட்டது. சாரதி என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கிப்போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தார். ஜீப் நின்ற இடத்திலேயே நின்றது. அன்றைய அறிக்கையில் சேந்தன் இவ்வாறு எழுதினார்: "அளவீடு கைவிடப்பட்டது. காரணம், வீதியில் வாகனங்கள் காணப்பட்டன."

"திங்கக்கிழமைன்னா இப்படித்தாங்க சேர் இருக்கும்" என்றார் ராஜலிங்கம்.

"நாங்கள் அளக்க வந்தது வீதியை. வாகனங்களை இல்லை. வாகனம் இல்லாத நேரம் எது?"

"போயா லீவுல, விடியறதுக்கு முன்னாடி வந்தா காக்கா கூட இருக்காது சேர்."

அடுத்த பௌர்ணமிப் போயா விடுமுறை தினத்தில், மேலதிக நேரக் கொடுப்பனவுடன், பதினான்கு பகுதிகளும் அளக்கப்பட ஆரம்பித்தன. குண்டசாலையிலிருந்து கிளம்பிய ஜீப்புக்கு ஒரேயொரு தடவைதான் பிரேக் பிடிக்க நேர்ந்தது. குறுக்கே ஒரு நாய் வந்தது. நாய் தற்காலிக இடையூறு என்பதால் அதற்குரிய நேரம் கழிக்கப்பட்டது. விடை, பத்து நிமிடம். கம்பளைக்கு நாற்பது வந்தது. கம்பளையிலிருந்து ரயிலில் வரலாமே என்று ராஜலிங்கம் கேட்டார். ரயில் வேறொரு அமைச்சின் கீழ் வருவதால் அது கணக்கில் எடுக்கப்படவில்லை.

அட்டவணை சேந்தனின் கையொப்பத்துடன் எல்லா அலுவலகங்களுக்கும் போனது.

இதே காலத்தில் சேந்தனின் மனைவி மதனிக்கும் கண்டியில் ஒரு மாகாணத் திணைக்களத்தில் முகாமைத்துவ உதவியாளராக நியமனம் கிடைத்திருந்தது. தகுதிகாண் காலம் முடிந்து நிரந்தரமாக வேண்டும். அதுதான் அவளுக்கு இருந்த ஒரே கவலை. பக்கத்து மேசை மின்ஹா கம்பளைக்காரி.

"எங்கட ஊட்டு மேல்மாடி சும்மாதான் இரிக்கி. ரயில்ல என்னோட வந்திடலாமே" என்றாள் மின்ஹா.

மதனி வீட்டில் சொன்னபோது சேந்தன் சிரித்தார்.

"கம்பளை எண்டு விலாசம் குடுத்தா ஆக்கள் என்ன நினைப்பினம்? இப்ப உத்தியோகத்தர் எல்லாரும் குண்டசாலைப் பக்கம்தான் போயினம். அங்க வியூ இருக்கு."

தரகர் நபீல் காட்டிய வீட்டிலும் வியூ இருந்தது. பல்கனியில் நின்று, கழுத்தை வலப்பக்கம் நீட்டி, அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தாங்கியைத் தாண்டிப் பார்த்தால் மகாவலியின் ஒரு துண்டு தெரியும். முன்னால் ஒரு மாடிக்கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது.

"அது எழும்பி முடிஞ்சா இந்தத் துண்டும் தெரியாதே?" என்றாள் மதனி.

"அந்த பில்டிங்ல இருந்து நல்லாத் தெரியும் மேடம். அதுவும் வாடகைக்குத்தான் வருது."

"கண்டிக்கு எவ்வளவு நேரம்?"

நபீலின் முகம் வாடிவிட்டது. "என்ன மேடம் இப்படிக் கேக்குறீங்க? அட்டவணையில சேர்ட கையொப்பம்தானே இரிக்கி. நான் பொய் சொல்லுவன். சேர் பொய் சொல்லுவாரா?"

சேந்தன் ஒரு வருட வாடகையை முற்பணமாகக் கொடுத்தார்.

மதனியின் அலுவலகத்தில் வரவுப் பதிவேட்டில் எட்டே முக்காலுக்கு ஒரு சிவப்புக் கோடு கீறப்படும். கோட்டுக்கு மேலே கையொப்பமிட்டவர் உத்தமர். கீழே இட்டவர் பிந்தியவர். கோட்டைக் கீறுபவர் நிர்வாக உத்தியோகத்தர் கமலாசனி. ஊர்காவற்றுறையைச் சேர்ந்தவர். அலுவலகத்துக்குப் பின்புறமுள்ள அரச விடுதியில் குடியிருந்தபடியால் வாழ்க்கையில் ஒருநாளும் பிந்தியதில்லை. அடிமட்டத்தை வைத்துத்தான் கோடு கீறுவார். மதனியின் பெயர் கோட்டுக்குக் கீழேயே வாசம் செய்யத் தொடங்கியது.

"காரணம்?" என்றார் கமலாசனி.

"டிரபிக், மிஸ்."

கமலாசனி இழுப்பறையைத் திறந்து அட்டவணையை எடுத்தார். "குண்டசாலை, பத்து நிமிடம். ஒப்பம், ஸ்ரீஸ்கந்தராசா. இது உம்மட மனுசன்தானே?"

"ஓம் மிஸ்."

"அப்ப ஆர் பொய் சொல்லுறது? நீரோ, அரசாங்கமோ?"

கமலாசனி பதிவேட்டின் பக்கத்தைப் புரட்டினார்.

"ஏழு மணிக்கு வீட்டாலை வெளிக்கிட்டதெண்டு எழுதியிருக்கிறீர். ஏழு பத்துக்கு நீர் கண்டியில நிண்டிருக்கிறீர். இங்க வந்தது ஒன்பதுக்கு. இடையில எங்க போனனீர்?"

"பஸ்ஸுக்குள்ளதான் மிஸ் இருந்தனான்."

"கண்டிக்கு வந்து சேர்ந்தாப் பிறகும் பஸ்ஸுக்குள்ள ஏன் பிள்ளை இருந்தனீர்?"

இதற்கு எழுத்துமூல விளக்கம் கோரப்பட்டது. இன்னொரு முறை கோட்டுக்குக் கீழே போனால் நிரந்தரமாக்கலுக்குச் சிபாரிசு செய்யப்பட மாட்டாது என்றும் அறிவிக்கப்பட்டது.

அன்று பின்னேரம் மதனி கைப்பையைக் கதிரையில் எறிந்தாள். "இஞ்சேருங்கோ, அந்தப் பத்தை மாத்துங்கோ."

"மதனி, அது என்ர பத்து இல்லை. அரசாங்கத்தின்ர பத்து."

"அப்ப அரசாங்கத்தையே தேத்தண்ணி போட்டுத் தரச் சொல்லுங்கோ."

மறுவேளை முதல் அந்த வீட்டில் அரசாங்கம் தேத்தண்ணி போடாதது தெளிவாகிவிட்டது. சேந்தன் மீளளவீட்டுக்கு இணங்கினார். மறுபடி கோட்டுக்குக் கீழே போகாமலிருக்க, முடிவு தெரியும்வரை மதனி லீவு போட்டுக்கொண்டாள். வேலைநாள் ஒன்றில், பொதுமக்கள் போகும் பஸ்ஸில், அவரும் ராஜலிங்கமும் ஏறினார்கள்.

பஸ் ஊர்ந்தது. ஜன்னலோரத்தில் இருந்தவர் பத்திரிகையை முழுதாக வாசித்து, மரண அறிவித்தல்களையும் முடித்து, தெரிந்தவர் யாரையும் தவறவிட்டோமோ என்று மறுபடி பார்க்கத் தொடங்கியபோது பாலம் தென்பட்டது. பஸ்ஸே திட்டிக்கொண்டிருந்தது. எல்லோரையும்விட உரத்துத் திட்டியவர் ஸெய்னுலாப்தீன் ஹாஜியார். சேந்தனின் வாடகை வீட்டுக்குச் சொந்தக்காரர் அவர்தான்.

"எவனோ ஒரு மடையன் பத்து நிமிஷம்னு எழுதி வச்சிரிக்கான். அவன இந்த பஸ்ல ஏத்தணும்!"

"ஏத்தியாச்சுங்க ஹாஜியார்" என்றார் ராஜலிங்கம், கையிலிருந்த கடிகாரத்தைக் காட்டி. "சேர் இப்ப சரியா அளந்து மாத்தப் போறாரு."

பஸ்ஸில் கைதட்டல் எழுந்தது. யாரோ சேந்தனுக்கு இருக்கை கொடுத்தார். கைதட்டல் அடங்குவதற்குள் ஹாஜியாரின் முகம் மாறியது.

"பொறுங்க சேர். மாத்தின எண்டா... விளம்பரத்துலயும் அந்தக் கணக்கத்தான் போடணுமா?"

"ஓம். அது சட்டம்."

"அப்ப எண்ட கீழ்வீட்ட யாரு எடுப்பான்?"

பின்னால் தொங்கிக்கொண்டிருந்த சுதேஷ் என்ற இளைஞன் தலையை உள்ளே நீட்டினான். "சேர், அக்காவுக்கு மாப்பிள்ளை பேசி முடிச்சிருக்கோம். வீடு கண்டிக்குப் பத்து நிமிஷம்னுதான் சொல்லியிருக்கு. இப்ப ரெண்டு மணித்தியாலம்னு சொன்னா அவங்க என்ன நினைப்பாங்க?"

"நான் இதுக்குத்தானே கூட வாடகை குடுக்கிறன்!" என்றார் ஜன்னலோரத்தில் பத்திரிகை வாசித்தவர். "குடுத்த காசுக்கு அந்தப் பத்து நிமிசமாவது எனக்கு மிஞ்ச வேணாமா?"

பஸ் அடுத்த சந்தியை அடைவதற்குள் பத்து நிமிடப் பாதுகாப்புச் சங்கம் அமைக்கப்பட்டது. தலைவராக ஹாஜியாரும் செயலாளராகச் சுதேஷும் ஏகமனதாகத் தெரிவானார்கள். சங்க விதிகள் அடங்கிய யாப்பு வாசிக்கப்பட்டு, இரண்டு திருத்தங்களுடன் ஏற்கப்பட்டது. கண்டனத் தீர்மானம் நிறைவேறி, எல்லோரும் ஒப்பமிட்ட பிறகும் பஸ் கண்டியை அடைந்திருக்கவில்லை.

"பரம்பரை பரம்பரையாகக் கண்டிக்குப் பத்து நிமிடத்தில் வாழ்ந்துவரும் எம்மை ஓர் அதிகாரி தூரத்துக்குத் துரத்த முயல்கிறார்" என்ற மனு பணிப்பாளரிடம் போய்ச் சேர்ந்தது. மக்களின் உணர்வுகளுக்கு மதிப்பளித்துப் பத்து நிமிடம் மீள உறுதிசெய்யப்பட்டது. நிறுத்தற் கடிகாரம் களஞ்சியத்தில் ஒப்படைக்கப்பட்டது.

மதனி அந்த வார இறுதியிலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு மின்ஹா வீட்டு மேல்மாடிக்குப் போனாள். தேத்தண்ணி விடயத்தில் வேறு வழியில்லாத சேந்தனும் பின்னால் போனார். குண்டசாலை வீடு முற்பணத்துடன் பூட்டிக் கிடந்தது.

இப்போது மதனி பதிவேட்டில் முதலாவதாக ஒப்பமிட்டாள். கமலாசனிக்கு இது பிடிக்கவில்லை.

"கம்பளைக்கு மாறினனான் எண்டு எழுதித் தந்திருக்கிறீர். பக்கத்தில இருந்து பிந்தி வந்தனீர். தூரத்தில இருந்து முந்தி வாறீர். என்ன விளையாட்டு இது?"

"ரயில்ல வாறம், மிஸ்" என்றாள் மின்ஹா.

"ரயில் அட்டவணையில இல்லையே."

முந்தி வந்ததற்கு விளக்கம் கோர விதிக்கோவையில் இடம் இருக்கவில்லை. ஆனால் சந்தேகத்துக்கு இடமிருந்தது. மதனியின் நிரந்தரமாக்கல் கடிதம் கமலாசனியின் மேசையில் ஒப்பமில்லாமலே கிடந்தது.

வருடக் கடைசியில் சேந்தன் பத்திரிகை விளம்பரம் ஒன்றை எழுத உட்கார்ந்தார். மிகுதிக் குத்தகையை யாராவது எடுத்தால்தான் முற்பணத்தில் கொஞ்சமாவது திரும்பும்.

"தூரத்துக்கு என்ன போட?" என்றார்.

மதனி கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "பத்து."

விளம்பரம் வெளிவந்த இரண்டாம் நாள் கமலாசனி அவளைக் கூப்பிட்டார். அரச விடுதி திருத்த வேலைக்காக மூடப்படுகிறது. அவர் வீடு தேடுகிறார். மேசையில் விளம்பரமும் பக்கத்தில் அட்டவணையும் விரிந்திருந்தன. அவற்றுக்குக் கீழே மதனியின் கடிதம் இருந்தது.

"பிள்ளை, இது நீங்கள் இருந்த வீடுதானே?"

"ஓம் மிஸ்."

"வியூ இருக்கோ?"

"கழுத்தை நீட்டினா இருக்கு."

"உண்மையாப் பத்து நிமிசமோ?"

மதனி கடிதத்தைப் பார்த்தாள். பிறகு அட்டவணையைப் பார்த்தாள்.

"அரசாங்கம் பொய் சொல்லுமோ மிஸ்?"

கமலாசனிக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்திருந்தது. பின்னேரமே கடிதத்தில் ஒப்பமிட்டார். மதனி சாவியைக் கொடுத்தாள்.

2025 பெப்ரவரி மூன்றாம் திகதி, திங்கட்கிழமை, கமலாசனி குண்டசாலையிலிருந்து முதன்முறையாக வேலைக்கு வந்தார். பெப்ரவரி பத்தாம் திகதி முதல் அந்த அலுவலகத்தில் சிவப்புக் கோடு பத்து மணிக்குக் கீறப்படுகிறது.