கழட்டி அக்காவும் கழல மறுத்த குழலும்

பலேர்மோ நகரத்தில் கழலாத பொருள் என்று ஒன்று இருந்தால், அது இன்னும் கழட்டி அக்காவின் கண்ணில் படவில்லை என்றுதான் அர்த்தம். துருப்பிடித்த கேற்றாக இருக்கட்டும், இறுகிப்போன கல்யாண மோதிரமாக இருக்கட்டும், அக்கா ஸ்வெட்டர் கையை முழங்கைவரை மடித்துக்கொண்டு கிட்டப் போனாலே அதற்குப் பாதி உயிர் போய்விடும். அவருடைய சொந்தப் பெயர் குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் இருக்கும் அதிகாரிகளுக்குத் தெரிந்திருக்கலாம். சீசா வட்டாரத்தில் அவருக்குக் கீழ்வீட்டில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் எனக்குத் தெரியாது.

கைப்பையில் மற்றப் பெண்கள் சீப்பும் கண்ணாடியும் வைத்திருப்பார்கள். அக்காவின் பைக்குள் இரண்டு ஸ்க்ரூ டிரைவர், ஒரு குறடு, ஒரு சின்னப் போத்தல் தேங்காயெண்ணெய், அதோடு கோயிலுக்குப் போனால் தேவைப்படும் என்று ஒரு பொட்டலம் கற்பூரமும் சாம்பிராணியும். ஒருமுறை பஸ்ஸில் போகும்போது தனக்கு முன்னால் இருந்த சீற் ஆடுகிறது என்று தொடங்கினார். பொலிதேயாமா நிறுத்தத்தில் இறங்கும்போது சீற்றையே டிரைவரின் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். டிரைவர் சத்தம் போட்டதற்கு அக்கா சொன்ன பதில் தெருவெல்லாம் கேட்டது.

"நான் கழட்டித் தந்திட்டன். பூட்டுறது உங்கடை கொம்பனிக்காரற்றை வேலை!"

இதுதான் அக்காவின் கொள்கை. கழட்டுவார், பூட்டமாட்டார். எங்கள் கட்டடத்தில் அவர் கழட்டிய தண்ணீர்க்குழாய்களைத் திரும்பப் பூட்டியே பிழைத்த ஒரு பிளம்பர் இருந்தார். அக்காவைக் கண்டால் எழுந்து நின்று வணக்கம் சொல்வார்.

அக்காவுக்கு வேலை பிரான்காச்சோ பகுதியில், ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்வது. கிழவர் துவக்குத் திருத்துகிறவர், துப்பாக்கிகளுக்கு வைத்தியர். வீட்டின் கீழ்த்தளத்தில் அவருடைய பட்டறை, லைசென்ஸ் எல்லாம் சுவரில் தொங்கும். கை நடுங்கத் தொடங்கிய பிறகும் தினமும் காலையில் நீல மேலங்கியைப் போட்டுக்கொண்டு பட்டறைக்குள் போய் உட்காருவார். அக்கா அவரை "நொன்னோ", அதாவது தாத்தா என்று கூப்பிடுவார். கிழவர் அக்காவை "ஜெனராலே" என்று கூப்பிடுவார். மருந்து குடிக்க வைப்பதற்கு அக்கா போடும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அந்தப் பட்டம் பொருத்தமாகவே தெரியும்.

இரண்டு பேருக்கும் ஒரே வியாதி, வாய். அக்கா தன்னால் கழட்ட முடியாதது இல்லை என்பார். கிழவர் தன் பட்டறையில் கழலாத துவக்குக் குழல் இல்லை என்பார். நுணலும் தன் வாயால் கெடும் என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்? மிலானோவில் இருக்கும் மகள் அப்பாவைத் தன்னோடு வந்து இருக்கும்படி வருடக்கணக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். கிழவர் ஒருநாள் தொலைபேசியில் கத்திவிட்டார்:

"என் பட்டறைக்குள் கழலாத குழல் ஒன்று வரட்டும், அன்றைக்கே பெட்டியைக் கட்டுகிறேன்!"

மகள் கிழவரின் மகளல்லவா. டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு வரும்போது புருஷனின் வேட்டைத் துவக்கையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். குழல் தேய்ந்துபோன துவக்கு, மாற்றிப் பூட்ட ஒரு புதுக் குழலும் கூடவே. மிலானோவில் இரண்டு பட்டறைக்காரர்கள் முயன்று பார்த்து, தொழிற்சாலையில் முறுக்கிய முறுக்கு இது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று கையை விரித்திருந்தார்கள். ஜனவரி ஆறில் வரும் பெஃபானா பண்டிகைக்கு அடுத்த நாள் மகள் திரும்பிப் போகிறார். அதற்குள் குழல் சேதமில்லாமல் கழலாவிட்டால் கிழவரும் காரில் ஏற வேண்டும்.

கிழவர் போனால் பட்டறைக்குப் பூட்டு. அக்காவுக்கு வேலை இல்லை. வேலை ஒப்பந்தம் இல்லையென்றால் பெர்மெசோவை, இந்த நாட்டில் தங்கும் அனுமதியை, புதுப்பிப்பது எப்படி என்பது இங்கே இருக்கும் எந்தத் தமிழரையும் தூங்க விடாத கேள்வி. அந்த வருடம் அக்காவின் பெர்மெசோ முடிகிற வருடம்.

"அக்கா, துவக்கு உங்களுக்குப் பழக்கமில்லாத சாமானெல்லே?" என்று நான் கேட்டேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் வன்னியிலிருந்து, யுத்தத்துக்குள்ளிருந்து வந்தவர் என்பதை நான் மறந்துதான் கேட்டுவிட்டேன்.

"தம்பி, துவக்கிலை இருக்கிற ஒரேயொரு நல்ல விசயம் என்ன தெரியுமே? அதைக் கழட்டலாம்."

மறுநாளே வேலையைத் தொடங்கிவிட்டார், தன் முறைப்படி. குழலும் துவக்கின் உடம்பும் சேருகிற இடத்தில் தேங்காயெண்ணெயை ஊற்றி, பட்டறையைப் பூட்டி, எண்ணெய் ஊறட்டும் என்று விட்டுவிட்டார். ஊரில் பூட்டு, பிணைச்சல், சைக்கிள் செயின் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. ஊரில் தேங்காயெண்ணெய் தண்ணீர்போல ஓடும். பலேர்மோவின் ஜனவரிக் குளிரில் அது என்ன செய்யும் என்பதை அக்கா யோசிக்கவில்லை. அக்காவின் சமையலறையில் அடுப்புப் பக்கத்திலேயே இருக்கும் போத்தல் ஒருநாளும் உறைந்ததில்லை.

பெஃபானா அன்று காலை என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நான் ஒரு ரெஸ்ட்டோரன்டில் சமையல்காரன். மூளைக்காக என்னைக் கூப்பிடுகிறார் என்று எண்ணிவிட்டேன்.

"பிடிச்சுத் தொங்க ஒரு பாரம் வேணும். உன்னைவிட்டால் எனக்கு ஆர் இருக்கினம்?"

பட்டறையைத் திறந்தால் துவக்கின் கழுத்தில் மெழுகுதிரி உருகி வழிந்ததுபோல வெள்ளையாக எண்ணெய் உறைந்து கிடந்தது. கிழவர் விரலால் சுரண்டி மோந்து பார்த்தார்.

"ஜெனராலே, நீ இதைக் கழட்டப் பார்த்தாயா, சேர்த்து ஒட்டப் பார்த்தாயா?"

அக்காவின் முகம் சிவந்தது. பழியை உடனே இத்தாலிமேல் போட்டார். "இதென்ன நாடு, எண்ணெய்கூட விறைச்சுச் சாகுது!"

துடைத்தோம். மேசையோடு சேர்த்துப் பூட்டிய பெரிய இரும்பு இடுக்கியான வைஸின் வாயில் குழலைக் கவ்வக் கொடுத்து, துவக்கின் உடம்பில் ஒரு நீளத் திருகுச்சாவியை மாட்டினார் கிழவர். சாவியின் நுனியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, அதன் நுனியில் என்னைச் செருகினார்கள். நான் தொங்கினேன். உள்ளே முறுக்கு அசையவில்லை. குழல்தான் வைஸின் வாய்க்குள் வழுக்கிச் சுற்றியது. இறுக்கினோம், மறுபடி வழுக்கியது. எல்லாம் அந்தத் தேங்காயெண்ணெயின் திருவிளையாடல். எவ்வளவு துடைத்தும் ஒரு பிசுக்கு விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

மேல்மாடியில் மகள் கிழவரின் உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கும் சத்தம் கேட்டது. கிழவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா எண்ணெய் துடைத்த துணியை மடிப்பதும் விரிப்பதுமாக நின்றார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

"பெச்சே கிரேகா இருந்தால் பிடிக்கும். முடிந்துபோய்விட்டது. இன்றைக்குக் கடையும் இல்லை" என்றார் கிழவர்.

"அதென்ன?" என்று அக்கா கேட்டார்.

"மரத்துப் பிசின். காய்ந்து கல்லாக இருக்கும். பொடியாக்கிப் போட்டால் இரும்பு வழுக்காது. சூடு பட்டால் புகைந்து மணக்கும்."

அக்கா கைப்பையைத் திறந்தார். போத்தல், குறடு, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் மேசைமேல் கொட்டுண்டன. கடைசியில் அந்தப் பொட்டலம் வந்தது.

"தம்பி, சாம்பிராணியும் மரத்துப் பிசின்தானே?"

"ஓம் அக்கா. ஆனால் அது சாமிக்கு..."

"சாமி பெர்மெசோ தருமே? இடி!"

இடித்தேன். கிழவர் சந்தேகத்தோடு கிள்ளிப் பார்த்தார், விரல்களுக்கிடையில் உரசிப் பார்த்தார், பிறகு சின்னப்பிள்ளைபோலச் சிரித்தார். எண்ணெயை ஸ்பிரிட் போட்டுக் கழுவி, வைஸின் வாய்க்குள் சாம்பிராணித் தூளைத் தூவி, குழலை வைத்து இறுக்கினோம். கிழவர் சூட்டுக்காற்று மெஷினைத் துவக்கின் கழுத்துக்குப் பிடித்தார். நடுங்கிய கையை அக்கா மணிக்கட்டில் பிடித்து நிறுத்தினார். சாம்பிராணி புகையத் தொடங்கியது. பட்டறை கோயில் கர்ப்பக்கிரகம் ஆயிற்று.

"றொசாலியா அம்மா, இது கழண்டால் வெறுங்காலோடை மலை ஏறி வாறன்!" அக்கா நேர்த்தி வைத்தார். மலைமேல் இருக்கும் அந்தப் புனிதைக்கு இங்கே நம்மவர்கள் வைக்காத நேர்த்தி இல்லை. "தம்பி, தொங்கு!"

தொங்கினேன். கால் இரண்டும் நிலத்தைவிட்டு எழும்பின. வழுக்கவில்லை. ஒரு "டக்" கேட்டது. அடுத்த கணம் நான் நிலத்தில் கிடந்தேன்.

புகை மணம் மாடிப்படி வழியாக மேலே போயிருக்கிறது. அந்த வாசனையை மகள் தேவாலயத்தில் செத்தவீட்டுப் பூசைகளில்தான் அறிந்திருக்கிறார். "பாப்பா!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தார். புகைக்கு நடுவே நான் மல்லாக்கக் கிடக்கிறேன். அப்பா ஒரு கையில் குழலோடு எழுந்து நின்று சிரிக்கிறார்.

"நான் சாகவில்லை, மகளே. பெட்டியிலிருந்து என் சட்டைகளை எடுத்து வெளியே வை."

"கழட்டினது நீங்களில்லை, இவர்கள்தான்" என்று மகள் வழக்காடிப் பார்த்தார்.

"என் பட்டறை. கழலாத குழல் என்றேன். இதோ கழன்றிருக்கிறது."

மகள் அழுதார், சிரித்தார், கடைசியில் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மிலானோவின் இரண்டு பட்டறைகள் தோற்ற இடத்தில் சீசாக்காரி வென்றாள் என்ற பெருமையில் எனக்கு இடுப்பு வலிகூடத் தெரியவில்லை. அந்த வாரம் நான் சமைத்த ஒவ்வொரு தட்டோடும் இந்தக் கதையையும் பரிமாறினேன்.

கிழவர் புதுக் குழலை எடுத்து நீட்டினார். "வா ஜெனராலே, இனி இதைப் பூட்டுவோம்."

அக்கா கையைத் துணியில் துடைத்தார். பஸ் டிரைவருக்குக் கத்திய குரல் இல்லை இது. மெதுவாகச் சொன்னார்.

"இல்லை நொன்னோ. துவக்கை நான் கழட்டுவன். பூட்டமாட்டன்."

கிழவர் தலையை ஆட்டினார். புதுக் குழலைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார், துவக்கின் உடம்பைத் தனியாக, பழைய குழலைத் தனியாக இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். மருமகன் இன்னும் போன் எடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். கிழவர் தனக்குக் கை நடுங்குகிறது என்று சொல்லிவிடுகிறாராம்.

அக்காவின் பெர்மெசோ புதுப்பித்தாயிற்று. மலையும் ஏறியாயிற்று, வெறுங்காலோடு, வழியில் இரண்டு இரும்புக் கிராதிகளைத் தட்டித் தளர்வு பார்த்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் வீட்டுக்கு வருவார். "என்னடா, ஊறுகாய்ப் போத்தலைத் திரும்பவும் இறுக்கிப் போட்டியே? பெரிய சமையல்காரனாம்!" என்று திட்டிக்கொண்டே ஒரு திருகில் திறந்துவிட்டு, தேத்தண்ணி குடித்து, இரண்டு மணித்தியாலம் கதைத்துவிட்டுப் போவார். சனிக்கிழமை இரவில் என் பலமெல்லாம் கூட்டி அந்த மூடியை இறுக்குகிறவன் நான்தான்.