முதலாளிக்கு ஓர் அண்டா நூடுல்ஸ்

நூடுல்ஸ் சட்டியில் களியாகிக்கொண்டிருந்தது. பிராங்க்ளின் அசரவில்லை. பட்டாசுக் கம்பெனியில் பதினாறு வருடமாகச் சரவெடி பின்னும் ஆட்களை மேய்ப்பவனுக்கு நூடுல்ஸ் எம்மாத்திரம்?

சர்ச்சுக்குப் போகும் வேதக்காரனான அவன் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வருவதாக முதலாளி உக்கிரபாண்டி தாமாகவே சொல்லியிருந்தார். போர்மேன் நாற்காலி காலியாக இருக்கிற நேரம். இருக்கன்குடி மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி விரதம் இருப்பவருக்கு முட்டைகூட ஆகாது. பிராங்க்ளினின் மனைவி ரீனாவுக்கோ ஆஸ்பத்திரியில் டூட்டி.

"சாம்பார் எல்லார் வீட்லயும் தின்னுருப்பாக. நாம புதுசாப் போடுவோம்" என்று காய்கறி நூடுல்ஸில் இறங்கிவிட்டான். உதவிக்குப் பிள்ளைகள் ஸ்வீட்டியும் யோபுவும்.

"கம்பெனி ரூல்தான். வேலை நேரத்துல பேச்சு கூடாது."

பிள்ளைகள் பேசவில்லை. ஸ்வீட்டி உப்புப் போட்டதை யோபு பார்த்தான். அப்பா போட்டதையும் பார்த்தான்.

பிராங்க்ளின் ஒரு வாய் ருசி பார்த்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏலே, பாத்துக்கிட்டுத்தான இருந்த? சொல்றதுக்கென்ன?"

"நீங்கதானப்பா பேசக் கூடாதுன்னீக."

"சரி, இப்பப் பேசு."

"நானும் போட்டேன்."

உப்பைக் குறைக்கச் சீனி விழுந்தது. பாயசமானது. இனிப்பை முறிக்க எலுமிச்சை, புளிப்பை அடக்க மிளகாய்த்தூள். காரத்தைப் பங்கு போட இன்னும் ஆறு பாக்கெட் நூடுல்ஸ். சட்டி போதாமல் எல்லாம் அண்டாவுக்கு மாறியது.

"புஸ்வாணம் கலர்ல இருக்குப்பா" என்றாள் ஸ்வீட்டி.

"பளிச்சுன்னு இருக்குல்ல?"

முதலாளி வந்து உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்துவிட்டு அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"வேற ஏதும் இருக்காப்பா?"

"அண்டா நெறைய இருக்கு முதலாளி. கூச்சப்படாதீக." இன்னொரு கரண்டி விழுந்தது.

"இல்லப்பா, அடுப்புல வேற ஏதாச்சும்..."

"அதுவும் இதுதான் முதலாளி." மூன்றாவது கரண்டி.

அவர் தின்று முடித்து, கை கழுவி, காரில் போய் உட்கார்ந்தார்.

"பாத்தீகளாலே? மூணு தடவை வாங்கிச் சாப்புட்டாக. இனிமே நீங்க போர்மேன் வீட்டுப் பிள்ளைக" என்றான் பிராங்க்ளின்.

முதலாளி மறந்து வைத்த போனை எடுக்க டிரைவர் அய்யப்பன் உள்ளே வந்தான்.

"என்ன அய்யப்பா, சாப்பாட்டப் பத்தி முதலாளி ஏதும் சொன்னாகளா?"

அய்யப்பன் அண்டாவைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"விரதத்த நேத்தே முடிச்சிட்டாகண்ணே, வேதக்கார வீட்டு ஞாயித்துக்கெளமக் கோழிக்கறிக்கு ஈடு கெடையாதுன்னு காலையில இருந்து பச்சத் தண்ணி குடிக்காம வந்தாக."