இருக்கை எண் பதினாலு

கதைன்னதும் நிமிர்ந்து உட்காந்துட்டீங்க. யாரோ யாரையோ கூட்டிட்டு ஓடப் போறாங்க, இல்லேன்னா ஒரு கொலை, குறைஞ்சபட்சம் ஒரு சொத்துத் தகராறாவது வரும்னு நெனப்பு. மன்னிக்கணும். இது ஒரு பிளாஸ்டிக் சேரைப் பத்தின கதை. நீலக் கலர். மூணு கால். நாலாவது கால் இருந்த இடத்துல ரெண்டு செங்கல். எழுந்து போறவங்க இப்பவே போகலாம், வண்டியை வெளிய எடுக்க இடம் இருந்தா.

சேர் ஜெராக்ஸ் அக்காவோடது. வீட்டு முன்ரூம்லயே கடை. ஒரு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு சுழல் நாற்காலி. தெருவுல யாருக்கு எந்த ஃபாரம் வேணும்னாலும் அக்காகிட்டதான் வரணும். எந்தக் கட்டத்தை நிரப்பணும், எந்தக் கட்டத்தை காலியா விட்டாத்தான் மனு நகரும், எல்லாம் விரல் நுனியில.

அக்காவோட அப்பா ஒரு காலத்துல லாரி ஓட்டினவரு. இப்ப அவர் கிட்னி ரெண்டும் அவருக்கு முன்னாடி ரிட்டையர் ஆயிடுச்சு. திங்கள், புதன், வெள்ளி ஆஸ்பத்திரியில ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும். பதினோரு மணிக்கு மெஷின். லேட்டாப் போனா அந்தக் கட்டில்ல அடுத்தவர் படுத்திருப்பாரு, வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அவரால பத்து அடி நடக்க முடியும். பதினோராவது அடிக்கு சுவரைத் தேடுவாரு. அதனால வாடகைக் கார் வாசல்லயே வந்து நிக்கணும். அதுக்குத்தான் ரோட்டுல சேர்.

இது அக்கா மட்டும் கண்டுபிடிச்ச வித்தை இல்ல. தெருவுல தனித்தனி வீடா இருந்ததெல்லாம் நாலு மாடி ஆச்சு. ஒரு சைக்கிள் நின்ன வாசல்ல ஒம்பது கார் வந்துச்சு. தெருவை மட்டும் யாரும் இடிச்சுக் கட்டல, அது பழைய அகலத்துலயே கிடந்துச்சு. அதனால வீட்டுக்கு வீடு வாசலுக்கு நேரா ஒரு ஓட்டைச் சேர். முதுகு போன சேர், நடுவுல கிழிஞ்ச சேர், ஒரு வீட்ல குழந்தை சாப்பிடற சேர். கார் வந்தா சேர் உள்ள போகும், கார் போனா சேர் வெளிய வரும். எங்கயும் எழுதாத சட்டம், எழுதின சட்டத்தை விட ஒழுங்கா நடந்துச்சு.

இப்படி இருக்கையில, காபியை மரப்பலகையில வச்சுக் குடுக்கிற கடை ஒண்ணு முனையில வந்துச்சு. கடை வந்ததும் அதுக்கேத்த ஆளும் வந்தாரு. நகர அழகு ஆலோசகர். இஸ்திரி போடாத சட்டையை, போட்டதை விடக் கூடுதல் விலைக்கு வாங்குறவரு. பலகைக் காபியோட வெளிய வந்தவரு, ரோட்டோரம் வரிசையா இருபத்தி மூணு சேரைப் பார்த்தாரு. கண்ணு கலங்கிடுச்சு. எல்லாச் சேரையும் போட்டோ எடுத்தாரு. படுத்துக்கிட்டு எடுத்தாரு. மூணு கால் சேரை மட்டும் ரெண்டு தடவை எடுத்தாரு.

மாநகராட்சி ஆபீசுக்கு அறிக்கை போச்சு. 'இத்தெருவாசிகள், முன்பின் அறியாதவரும் அமர்ந்து இளைப்பாறும் பொருட்டு, தத்தமது இல்லங்களின் முன் இருக்கைகளை இட்டு வைத்துள்ளனர். மாநகரம் தொலைத்துவிட்ட பண்பு இங்கே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.'

ஆபீஸ்காரங்களுக்கும் மூச்சு வந்துடுச்சு. ஒரே வாரத்துல 'பொது இருக்கைப் பாதுகாப்புப் பிரிவு'ன்னு ஒண்ணு உருவாச்சு. ஒரு செவ்வாய்க்கிழமை லாரி வந்துச்சு. ஒவ்வொரு சேரையும் அது நின்ன இடத்துலயே சிமென்ட் போட்டு நட்டு, முதுகுல தகடு அடிச்சாங்க. அக்கா சேர் பதினாலு. செங்கல்லையும் சேர்த்தே நட்டாங்க.

அக்கா ஆபீசுக்குப் போனாங்க. அங்க உதவி அலுவலர்.

"சார், பதினாலு என் சேர்."

"இருந்துச்சும்மா. இப்ப அது மக்களோடது."

"வண்டி நிக்க இடம் பிடிக்கத்தான் சார் போட்டேன்."

அவர் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டாரு. "பொது ரோட்டுல இடம் பிடிக்கிறது குற்றம்மா. நீங்க சொல்லல, நான் கேக்கல. நீங்க நல்ல மனசுல போட்டீங்க. ஃபைல்ல அப்படித்தான் இருக்கு."

"மூணு கால்தான் சார் இருக்கு. உட்காந்தா விழுந்துடுவாங்க."

"விழுந்ததா புகார் உண்டா?"

"யாருமே உட்கார்றதில்லையே சார்."

"அப்ப பாதுகாப்பானதுதானே."

அக்கா யோசிச்சாங்க. உண்மையச் சொன்னா குற்றவாளி, சொல்லாட்டி கொடை வள்ளல். ஊருக்கே ஃபாரம் நிரப்பினவங்க, தனக்கான கட்டத்தைத் தேடிக்கிட்டு வீட்டுக்கு வந்தாங்க.

மறுநாள் புதன். கடையில இருந்த சுழல் நாற்காலியில அப்பாவை உட்கார வச்சு, மெயின் ரோடு வரைக்கும் தள்ளிக்கிட்டே போனாங்க. இருநூத்திப் பன்னெண்டு அடி. சின்னச் சக்கரம், ஒவ்வொரு குழியிலயும் இறங்கி ஏறுச்சு. குழியில விழும்போதெல்லாம் நாற்காலி ஒரு சுத்து சுத்தும். அப்பா தெருவுக்கு முதுகைக் காட்டுவாரு, அப்புறம் முகத்தைக் காட்டுவாரு.

"கல்லு ஏத்தின லாரி கூட இப்படி ஆடாதும்மா," அப்பா சொன்னாரு. "இதுல ஹார்ன் எங்க இருக்கு?"

"வாயால அடிங்கப்பா."

அடிச்சாரு. காபிக் கடையில இருந்தவங்க கை தட்டினாங்க. ஆலோசகர் அதையும் போட்டோ எடுத்து 'நகரும் இருக்கை'ன்னு பேர் வச்சாரு.

அடுத்த தடவை ஆபீசுல அக்காவுக்கு ஒரு ஃபாரம் கிடைச்சுது. இருக்கை அகற்றக் கோரும் மனு. இணைப்பா, பொதுமக்கள் யாரும் அந்த இருக்கையைப் பயன்படுத்தலைங்கறதுக்கு முப்பது நாள் பதிவேடு.

"உட்காரலைங்கறதுக்கு யாரு சார் சாட்சி?"

"உட்காராதவங்கதான். வந்து கையெழுத்துப் போடட்டும். 'நான் இன்று இதில் அமரவில்லை.' பேரு, நேரம், கையெழுத்து."

"உட்காராதவங்க ஊர் முழுக்க இருக்காங்களே."

"ஊர் முழுக்க வேணாம். நேர்ல வந்து உட்காராதவங்க மட்டும்."

ஆபீஸ்லேர்ந்து ஒரு மேஜை, ஒரு பதிவேடு, பக்கத்துல நின்னு குறிக்க ஒரு பதிவாளர். தெருக்காரங்க அக்காவுக்காக மனசார வந்தாங்க. யாருக்கு ஃபாரம் நிரப்பலை அக்கா? மொத ஆளா எதிர்வீட்டு பேங்க் மாமா வந்தாரு. இடுப்பு வலி. குனிஞ்சு கையெழுத்துப் போட முடியல. சேர் முதுகைப் பிடிச்சுக்கிட்டாரு. பதிவாளர் எழுதினாரு: 'பயன்பாடு ஒன்று. பகுதியளவு.'

"உட்காரலைன்னுதானேய்யா கையெழுத்தே போடறேன்?"

"உட்காரலை சார். ஆனா சாஞ்சீங்க."

அடுத்து வந்த அம்மா காய்கறிப் பையை சேர் மேல வச்சுட்டு கையெழுத்துப் போட்டாங்க. 'பயன்பாடு. பொருள் வழி.' அப்புறம் வரிசை நீண்டுச்சு. நின்னு நின்னு கால் கடுத்தவங்க அக்கம் பக்கத்துச் சேர்ல உட்காந்தாங்க. அதுவும் பதினாலு கணக்குலயே ஏறுச்சு. முப்பது நாள் முடிஞ்சப்ப, யாருமே உட்காராத சேர்ல நானூத்தி சொச்சம் பயன்பாடு.

மனு தள்ளுபடி. கூடவே ஒரு கடிதம். 'மாநகரிலேயே அதிகம் பயன்படுத்தப்படும் இருக்கையாக எண் பதினான்கு தேர்வு பெற்றுள்ளதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக் கொள்கிறோம். தங்கள் தெரு "வரவேற்கும் தெரு" என அறிவிக்கப்படும். விழா வெள்ளிக்கிழமை காலை.'

கடிதம் வந்த அன்னைக்கே தெரு மாறிடுச்சு. வாசலுக்கு வாசல் கோலத்துக்கு விட்ட இடத்துல கூட விருந்தாளிக்கு ஷூ ஸ்டாண்ட். பேங்க் மாமா புதுசா ஒரு புன்னகை பழகினாரு.

"உங்கப்பாவைக் கொஞ்சம் நடக்க விடும்மா," அவரே வந்து சொன்னாரு. "நடந்தா உடம்புக்கு நல்லது."

"நடந்தா விழுவாரு மாமா."

"அதுக்குத்தானே வழி நெடுக சேர் இருக்கு."

வெள்ளிக்கிழமை பத்தே கால். தெரு முழுக்கப் பந்தல், மைக். பதிமூணாம் சேர்லேர்ந்து எதிர்ப்பக்கம் வரைக்கும் குறுக்க சிவப்பு ரிப்பன். ரிப்பனுக்கு இந்தப் பக்கம் சுழல் நாற்காலியில அப்பா. கை ரெண்டும் வீங்கியிருந்துச்சு. பின்னாடி அக்கா.

"சார், கொஞ்சம் தூக்கிப் பிடிங்க, குனிஞ்சு போயிடறோம். பதினோரு மணிக்கு மெஷின்."

உதவி அலுவலர் பதறிட்டாரு. "வெட்டுற வரைக்கும் இது திறக்கப்படாத தெரும்மா."

"இருபது வருஷமா இதுலதான் சார் நடக்கறோம்."

"நடந்திருப்பீங்க. திறக்காம நடந்திருப்பீங்க."

பத்தரைக்குப் பெரிய அதிகாரி வந்தாரு. பேசினாரு. மனித நேயம்னு பதினோரு தடவை சொன்னாரு, எண்ணிக்கிட்டிருந்தது அப்பா. "என் லாரி கிளீனர் கூட இப்படி ஓயாமப் பேச மாட்டான்," அப்பா முனகினாரு. பத்தே முக்கால். மெயின் ரோட்டுல காத்துக்கிட்டிருந்த வாடகைக் கார் டிரைவர், ஆளைக் காணோமேன்னு தேடி வந்து ரிப்பனுக்கு அந்தப் பக்கம் நின்னாரு. அக்காவைப் பார்த்து வாட்சைத் தட்டிக் காட்டினாரு.

பெரிய அதிகாரி கண்ணுல அவர் பட்டுட்டாரு. கையில கத்திரிக்கோல், கூட்டம் சோர்ந்து போயிருக்கு, சாமானிய மனுஷன் ஒருத்தன் தானா வந்து நிக்கறான். விடுவாரா?

"வாங்க தம்பி. நீங்க இந்தத் தெருக்காரரா?"

"இல்லைங்க. வாடகைக் கார் ஓட்டறேன்."

"அடிக்கடி வர்றதுண்டா?"

"ரெண்டு வருஷமா வர்றேங்க."

"நல்லது. வெளியாள் ஒருத்தர் சொன்னாத்தான் அதுக்கு மதிப்பு." மைக்கை அவர் வாய்க்கு நேரா நீட்டினாரு. "இந்தச் சேரையெல்லாம் பார்க்கும்போது மனசுல என்ன தோணுது? தயங்காம சொல்லுங்க."

டிரைவருக்கு அவசரம். பொய் யோசிக்க நேரம் இல்ல.

"இதுல ஒண்ணு கூட உட்காரப் போட்டது இல்லைங்க. எவனும் வந்து நின்னுடக் கூடாதுன்னு போட்டது. இந்தா, இந்த சார்," உதவி அலுவலரைக் காட்டினாரு, "அந்தப் பக்கம் சவாரி போறப்ப பார்த்தேன், இவர் வீட்டு முன்னாடி இதே வேலைக்கு ரெண்டு சிமென்ட் தொட்டி வச்சிருக்காரு. உங்க வீடு எங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சா சொல்லுவேன்."

உதவி அலுவலர் பந்தல் கம்பத்துக்குப் பின்னாடி நகர்ந்துக்கிட்டாரு. அக்கா முகத்துல மட்டும் ஒரு வெளிச்சம். கடைசியில நம்ம பக்கம் பேச ஒரு ஆள் வந்துட்டான்.

"நல்லாச் சொன்னப்பா," அக்கா சொன்னாங்க. "இன்னும் சொல்லு. ஒரு வண்டி நிக்க இடம் விட மாட்டேங்கறாங்கன்னு சொல்லு."

டிரைவர் மைக்கைத் தள்ளி விட்டுட்டு அக்காவைப் பார்த்தாரு. மைக் எட்டத்துல இருந்தும் எல்லாருக்கும் கேட்டுச்சு.

"அக்கா, போன வருஷம் இந்த பேங்க் சார் சம்சாரம் வழுக்கி விழுந்து கால் உடைஞ்சப்ப, ஆஸ்பத்திரிக்கு ஏத்த வந்தது நான்தான். அவங்க வாசல்ல ஓட்ட ஆளில்லாம அவங்க காரே நின்னுச்சு. ரெண்டே நிமிஷம், இங்க நிறுத்திக்கறேன்னு உங்ககிட்ட கேட்டேன். அன்னைக்கு ஞாயித்துக்கிழமை, பெரியவருக்கு ஆஸ்பத்திரி கிடையாது, உங்க வாசல் காலியாத்தான் கிடந்துச்சு. சேரைத் தொட்டா கையை உடைப்பேன்னு சொல்லி என்னைத் துரத்தினது நீங்கதானே."