பொம்மைக்கு வைத்த ஒப்பாரி

நான் இதுவரை இரண்டு பேரைச் சாகடித்திருக்கிறேன். ஒருவர் பிளாஸ்டிக். மற்றவர் என் அப்பா. இரண்டும் ஒரே நாளில் நடந்தன. இருவரும் இன்றுவரை நல்ல சுகமாக இருப்பதால்தான் துணிந்து எழுதுகிறேன்.

அப்போது நான் பதுளையில் தாதியர் பயிற்சியில் முதல் வருடம். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வரிசையிலிருந்து நேர்ஸ் வேலைக்குப் படிக்கப்போன முதல் ஆள் நான்தான். அந்தத் திமிரில், லீவுக்கு வீட்டுக்குப் போனால் கேட்காதவர்களுக்கும் பிரஷர் பார்ப்பேன். (ஓடி ஒளிந்தவர்களும் உண்டு.)

உயிருள்ள ஆட்களைத் தொடுவதற்கு முன் நாங்கள் பொம்மையில் கை பழக வேண்டும். கடையில் தொங்கும் பொம்மை இல்லை. ஆள் உயரம் இருக்கும், மூச்சு விடும், கண் சிமிட்டும், மணிக்கட்டைப் பிடித்தால் நாடி துடிக்கும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து எங்கள் மேடம் கம்பியூட்டரில் ஒன்றைத் தட்டினால் அதற்குக் காய்ச்சல் வரும், இன்னொன்றைத் தட்டினால் மாரடைப்பு வரும். (கடவுள் பார்க்கிற வேலைதான். மேடத்துக்குக் கூடுதலாக ஒரு கப் பிளேன்டீயும் இருந்தது.) அங்கிருந்து மைக்கில் பேசினால் சத்தம் பொம்மையின் வாயிலிருந்து வரும்.

அன்று பரீட்சை. தேறினால்தான் வார்ட்டுக்குள் விடுவார்கள். மேடம் சிங்களவர், தமிழ் ஓரளவு பேசுவார். தோட்டத்து நோயாளிகளிடம் நாங்கள் எப்படி நடந்துகொள்கிறோம் என்று பார்ப்பதற்காக, பொம்மைக்குக் குரல் கொடுக்க ராமையா அண்ணன் என்ற ஆஸ்பத்திரிச் சிற்றூழியரைத் தன் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். ராமையா அண்ணன் வருடா வருடம் தன் தோட்டத்துக் காமன் கூத்தில் வேஷம் கட்டுகிறவர். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

போனை வெளியே பெட்டியில் பூட்டிவிட்டு உள்ளே போனேன்.

"ஐயா, என்னங்க செய்யுது?"

"நெஞ்சுமேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு தாயி" என்றது பொம்மை.

பிரஷர் பார்த்தேன். ஒக்சிஜன் மாட்டினேன். "பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல" என்று கையைப் பிடித்தேன். எல்லாம் சரி. ராமையா அண்ணனும் அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் முழுப் புள்ளி வாங்கியிருப்பேன்.

"தாயி... ஒன்ன மாதிரியே எனக்கும் ஒரு மக இருக்கா. அவ கல்யாணத்தப் பாக்காமப் போறேனே..."

ஒரு விக்கல். பிறகு சத்தமே இல்லை. திரையில் நேர்கோடு. கீ என்று ஒரே ஓசை.

இந்த இடத்தில் செய்யவேண்டியவை இரண்டு. உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும். உடனே நெஞ்சை அமுக்கத் தொடங்க வேண்டும். முதலாவதை நான் யாரும் செய்யாத அளவுக்குச் சிறப்பாகச் செய்தேன். கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடி, "யாராச்சும் வாங்களேன்! அப்பா போயிட்டாரு!" என்று அலறினேன். ஐயா எந்த நொடியில் அப்பாவாக மாறினார் என்று எனக்கே தெரியாது. அமுக்க வேண்டியது பொம்மையின் நெஞ்சை. நான் அடித்துக்கொண்டதோ என் நெஞ்சை.

வெளியே கிளினிக்குக்கு வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒருவர் ஓடிவந்து என்னைக் கட்டிப் பிடித்தார்.

"எந்தத் தோட்டம் புள்ள?"

"பூனா...கலை..."

"அய்யோ, என் தங்கச்சியக் குடுத்த எடமாச்சே!" என்று அவர் ஒப்பாரியை ஆரம்பிக்க, பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். எனக்காக மூன்று பேர் கண்ணீர் விடும்போது, 'அது பொம்மைங்க' என்று எப்படிச் சொல்வது? நானும் சேர்ந்து அழுதேன். அந்த அம்மா என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்தார். 'மாலதி.' உடனே தங்கச்சிக்குப் போன் போட்டார்.

இதற்குள் அவர் புருஷன், பெரிய மனசோடு, பிணத்தின் கண்ணை மூடிவிட உள்ளே போய்விட்டார். கையைக் கண்மேல் வைத்தார். பொம்மை சிமிட்டியது. மேடம் பதறி மைக்கைப் பிடுங்கினார். "ஐயா, கை எடுங்க! உடைஞ்சி போகும்!"

செத்துக் கிடந்த ஆணின் வாயிலிருந்து பெண் குரல்.

"ஆம்பளப் பொணத்துல பொம்பளப் பேய் பூந்துருச்சு!" என்று அவர் படியிறங்கி ஓடினார். பின்னாலேயே அவர் சம்சாரமும் ஓடினார். மேடம் வெளியே வந்து விளக்கம் சொன்னபோது, அதைக் கேட்டிருக்க வேண்டிய இருவர் மட்டும் அங்கே இல்லை.

"மகள்," என்றார் மேடம், சிரிப்பை விழுங்கிக்கொண்டு. "முதல்ல நெஞ்சு அமுக்கு. அழுறது பிறகு." ஃபெயில்.

பெட்டியைத் திறந்து போனை எடுத்தால், வீட்டிலிருந்தும் பக்கத்து வீடுகளிலிருந்தும் திரை கொள்ளாத அளவுக்கு மிஸ்டு கோல். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடித்தது. அப்பா.

"ஏம்மா, நான் எப்பம்மா செத்தேன்?"

அன்று காலை அவர் மூக்குக் கண்ணாடிக்குக் கால் மாட்ட அப்புத்தளைக்குப் போயிருக்கிறார். போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டார். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், ரோட்டிலிருந்து எங்கள் லயம்வரை சாவுக்குக் கட்டும் வெள்ளைக் கொடி.

"ஏணில நின்னு கொடி கட்டிக்கிட்டிருந்த மாரிமுத்துகிட்ட, 'யாருப்பா போயிட்டாங்க?'ன்னு கேட்டேன். மேல இருந்து அப்படியே குதிச்சு ஓடுறான்மா!"

"அம்மா எங்கப்பா?"

"மொதல்ல கட்டிப் புடிச்சு அழுதா. பொறகு வெளக்கமாத்த எடுத்துட்டா. சொல்லாமச் செத்தேனாம்."

நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. பரீட்சை போனதற்கா, அம்மாவை நினைத்தா, தெரியவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"சரி, அந்தாளு பொழச்சாரா?"

"யாருப்பா?"

"அதான், ஒன் பேசண்டு."

"இல்லப்பா. நான் அமுக்கவே இல்ல."

"அப்ப அடுத்த தடவ அமுக்கு. நான் வைக்கிறேன், வந்தவங்களுக்கு டீ குடுக்கணும்."

அடுத்த வாரம் மறுபரீட்சை. ராமையா அண்ணன் இந்தத் தடவை பேரப்பிள்ளையை எல்லாம் இழுத்தார். நான் காதிலேயே வாங்கவில்லை. "போதும் மகள், போதும்" என்று மேடம் இரண்டு தரம் சொல்லும்வரை அமுக்கினேன். பாஸ்.

அதற்குப் பிறகு வார்ட்டில் நிஜ நெஞ்சுகளை அமுக்கியிருக்கிறேன். சிலர் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். சிலர் போகவில்லை. அவர்களுக்காக அழுததும் உண்டு, மேடம் சொன்ன வரிசையில்.

அப்பாதான் அந்த நாளிலிருந்து மாறிப்போனார். போன் அடித்தால் அவர் ஹலோ சொல்வதில்லை. அழைப்பது உறவுக்காரரோ, தோட்டத்து ஒபீசோ, என்னைப் பெண் கேட்க முதன்முதலாகப் பேசிய மாப்பிள்ளை வீட்டாரோ, யாராக இருந்தாலும் காதில் வைத்ததும் ஒரே வார்த்தைதான்:

"உசுரோடதான் இருக்கேன், சொல்லுங்க."