காலிக் கட்டத்தில் என் நாத்தனார்

சிதம்பரத்தில் இருக்கும் தம்பி மகன் செந்தமிழ்செல்வனுக்கு, அத்தை தங்கம்மாள் கம்மாபுரத்துப் பக்கமிருந்து எழுதுவது. இங்கே நானும் என் ஞாபகமும் சுகம். அங்கே உன் மாமியார் தவிர எல்லோரும் சுகமாயிருக்க மாரியாத்தா துணை.

ஆனி மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: கம்ப்யூட்டரோடு நீ, காபி கொண்டுவந்த என் மருமகள் கனிமொழி, பக்கத்து வீட்டு ஜான்சி டீச்சர், தேங்காய் பறிக்க வந்த சாமிக்கண்ணு, நான். உன் சட்டையில் நடுப் பித்தான் இல்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அத்தைக்கு மறதி என்று நாளைக்கு நீ சொல்லக்கூடாது.

"நம்ம வட்டாரத்துக்கு ஒரு விக்கி தொறந்திருக்கோம் அத்தை, யாரு வேணா படிக்கலாம், யாரு வேணா எழுதலாம்" என்றாய். ஏரிக்கரை உடைந்த கதையைக் கேட்டாய். விடியக்காலம் புல்லறுக்கப் போன நான் கரை வாய் பிளந்ததைப் பார்த்ததும், ஓடிவந்து ஊரை எழுப்பினதும், பதினோரு மாடு போனதும் ஒன்று விடாமல் சொன்னேன். நீ எழுதி முடித்து வாசித்தால் கடைசியில் 'சான்று தேவை' என்று ஒரு வரி. கண்ணால் பார்த்தவள் எதிரே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன், சான்று தேவையாம்.

அதற்குத்தான் வார்ப்புரு செய்கிறேன் என்றாய். "கொழுக்கட்டை அச்சு மாதிரி அத்தை. யாரு சொன்னது, எந்த ஊருன்னு கட்டம் கட்டமா இருக்கும். ஒருவாட்டி செஞ்சிட்டா எல்லா பக்கத்துலயும் அழுத்திக்கலாம்." முதல் கட்டத்தில் என் பேர். இரண்டாவதில் ஊர். மூன்றாவது கணவர் பேராம், ஏனென்றால் ஊரில் நாங்கள் மூன்று தங்கம்மாள்.

"மாமா பேரச் சொல்லுங்க அத்தை."

"உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா சான்று சொல்றவங்ககிட்டேருந்துதான் வரணும். நானா எழுதுனா செல்லாது."

கட்டினவர் பேரை ஐம்பத்திரண்டு வருஷமாக நான் வாயில் எடுத்ததில்லை. அவர் போய்ச் சேர்ந்தே ஒன்பது வருஷம், இன்னும் எடுக்கவில்லை. சாமிக்கண்ணு சொல்ல வாயைத் திறந்தான். "நீங்க சான்று இல்லண்ணே" என்று அடக்கினாய். "ரேஷன் கார்டுல இருக்குமே" என்றார் ஜான்சி டீச்சர். "அதுக்கு வேற வார்ப்புரு டீச்சர்" என்றாய். கடைசியில் கட்டத்தைக் காலியாக விட்டு, காபியைக் குடித்து, பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாய்.

போன வாரம் ஜான்சி டீச்சர் போனில் காட்டினார். ஏரி, பள்ளிக்கூடம், ஐயனார் கோயில் என்று நான் சொன்னதை வைத்து நீ எழுதிய பதினேழு பக்கத்திலும் கீழே, 'தகவல் சொன்னவர்: இளவரசி, செம்மண்டலம்.' உனக்குப் போன் போட்டால், "ஒரு கட்டம் காலியா இருந்தாலும் மாதிரிக்குப் போட்ட ஆளே வந்துரும் அத்தை. மாதிரிக்கு எங்க மாமியாரப் போட்டிருந்தேன்" என்கிறாய். நான் சொன்னால் சான்று தேவை, நீ சொன்னால் செல்லாது, காலிக் கட்டம் சொன்னால் மட்டும் உன் மாமியார். அந்த மாமியார் எனக்கு நாத்தனார். கரை உடைந்த அன்றைக்கு அவள் பண்ருட்டியில் கல்யாணப் பந்தியில் இருந்தாள். இப்போது எனக்கே போன் போட்டு, "ஏன் அண்ணி, ஏரி ஒடஞ்சத நாந்தான் பாத்தேனாமே, எனக்கே ஞாபகமில்ல" என்று சிரிக்கிறாள்.

ஆகவே அந்த அச்சை உடைத்துப் போடு. பதினேழு பக்கத்தையும் அழி. அதுவரை என் வாசப்படி மிதிக்காதே, அடுத்த வருஷம் பலாப்பழமும் கிடையாது. உன் பெண்டாட்டி பிள்ளைகள் நூறு வயசு நன்றாக இருக்கட்டும். உன் மாமியாரை நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு, வருத்தத்துடன் அத்தை,
தங்கம்மாள்

பி.கு. கவரை ஒட்டும்போது கனிமொழி கேட்டாள், "அந்தப் பேர எழுதிட்டா கட்டம் நெறஞ்சிடும். இவ்ளோ கடுதாசி எதுக்கு அத்தை?" யோசித்தேன். கரை உடைந்த மறுநாள் தாசில்தார் வந்து, "மொதல்ல பாத்தது யாரு?" என்று கேட்டு நோட்டில் எழுதினார். உன் மாமா கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "என் தங்கச்சி இளவரசி" என்றார். ஏன் என்று பிற்பாடு கேட்டதற்கு, "நாலு பேரு முன்னாடி பொண்டாட்டி பேர எப்பிடிடீ சொல்றது, வெக்கமா இருந்துச்சு" என்றார். அந்தப் பொல்லாத அச்சைச் செய்தது நீ இல்லை. அதை உடைக்காதே, பக்கத்தையும் அழிக்காதே, வீட்டுக்கு வா. உன்னை மன்னித்தேன், இளவரசியையும் மன்னித்தேன். மன்னிக்க முடியாத ஆள் ஒருத்தர்தான். சொல்லத்தான் கூடாது, எழுதக்கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மூன்றாவது கட்டத்தில் போட்டுக்கொள்: உத்திராபதி.