அவள் வாயால் ஒரு வார்த்தை

"உனக்கு எதும்மா வேணும்?" என்று டாக்டரம்மா மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"நீங்க சொன்னா சரி டாக்டர்" என்று மூன்றாவது முறையாகப் பதில் வந்தது.

கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. நிறைமாத வயிற்றின் மேல் போர்வையைப் போட்டு, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்ததும் உதறிப் பிரித்து மறுபடி மடித்தாள். பக்கத்தில் நின்ற கணவன் குறுக்கிட்டான்.

"தப்பா நினைக்காதீங்க டாக்டர். உங்களுக்கே தெரியலையா?"

டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. "இதுதான் பண்ணணும், பயப்படாதீங்க" என்ற ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறைக்கே பிரசவம் பார்த்தவர் அவர். ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த கண்காணிப்பாளர் அந்த வாக்கியத்தைத்தான் பிடுங்கிக்கொண்டார். இனிமேல் பிரசவப் பிரிவில் தாய், டாக்டர், நர்ஸ், வீட்டார் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்துதான் எதையும் முடிவு செய்ய வேண்டும். முதலில் தாய் பேச வேண்டும். அவள் தன் விருப்பத்தைச் சொல்லும்வரை டாக்டர் தன்னுடையதைச் சொல்லக் கூடாது.

வீம்புக்கு எதிர்த்திருப்பார். ஆனால் கண்காணிப்பாளர் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். நல்லபடியாகப் பெற்று வீடு திரும்பிய பெண்களிடம் விசாரித்தபோது, பலரும் "என்னை ஒரு வார்த்தை யாரும் கேக்கலை" என்றார்களாம். அது டாக்டரம்மாவுக்கு உண்மையாகவே வலித்தது. ஒரே ஒரு பெண்ணாவது தன் வாயால் சொல்லிக் கேட்டுவிட வேண்டும் என்று அன்றிலிருந்து ஒற்றைக் காலில் நின்றார்.

விஷயமும் சின்னது இல்லை. இவளுக்கு முதல் குழந்தை ஆபரேஷனில் பிறந்தது. செய்தவர் இதே டாக்டரம்மாதான். இந்த முறை இரண்டு வழிகள் இருந்தன. நாள் குறித்து மறுபடி ஆபரேஷன் செய்யலாம். இல்லையென்றால், வலி தானாக வரட்டும் என்று காத்திருந்து, தியேட்டரைத் தயாராக வைத்துக்கொண்டு, சாதாரணப் பிரசவத்துக்கு முயன்று பார்க்கலாம். அப்படி முயலும்போது பழைய தழும்பு பிரிந்துவிடும் ஆபத்து கொஞ்சம் உண்டு. இவளுக்கு அது குறைவுதான். எதைத் தேர்ந்தாலும் தப்பில்லை, அதனால்தான் அவளே சொல்ல வேண்டும். டாக்டரம்மாவின் மனம் என்னவோ ஆபரேஷன் பக்கம் சாய்ந்திருந்தது. அதை நாக்கைக் கடித்து அடக்கி வைத்திருந்தார்.

கணவன் வராந்தாவுக்குப் போய், டாக்டருக்கே குழப்பம், நம்மையே கேட்கிறார் என்று தன் அம்மாவுக்குப் போன் போட்டான். பிள்ளை பெறப்போவது மனைவி. குட்டி போட்ட பூனை மாதிரி நடந்தது அவன்.

மாமியார் பெரிய பையோடு வந்து இறங்கினார். உட்காரும்போதே முடிவோடுதான் உட்கார்ந்தார்.

"நாள் குறிச்சு ஆபரேஷனை முடிச்சிடுங்க டாக்டரம்மா. உள்ளே போனோமா, குழந்தையோட வெளியே வந்தோமான்னு இருக்கணும்."

கணவனும் அதற்கே தலையாட்டினான். கண்ட நேரத்தில் வலி வந்து வண்டி தேடி ஓட அவனால் ஆகாதாம். மருமகள் மட்டும் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

பேச்சில் புரியாததைப் படத்தில் காட்டுவோம் என்று டாக்டரம்மா சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் நடுக்கோடு போட்டார். ஒரு பக்கம் ஆபரேஷன், மறுபக்கம் காத்திருப்பது. இரண்டின் நல்லது கெட்டதையும் வரிசையாக எழுதினார். பலகை வரைக்கும் போகிறதென்றால் கேஸ் சிக்கல்தான் என்று கணவனுக்கு வியர்த்தது.

"டாக்டர், அந்த ஆபரேஷன் பக்கத்தை இன்னொரு தடவை காட்டுங்க" என்றாள் அவள்.

டாக்டரம்மா பூரித்துப்போனார். கடைசியில் வாயைத் திறந்துவிட்டாள்!

"வீட்டுக்குப் போனதும் எவ்வளவு நாள் கனம் தூக்கக் கூடாது?"

"ஆறு வாரம் போலம்மா."

"அதுக்கென்ன, அத்தை இருக்காங்க. பெரியவனைக் குளிப்பாட்டி, தூக்கிட்டு மாடி ஏறி இறங்கி எல்லாம் அத்தையே பாத்துப்பாங்க."

பெரியவன் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை. மாமியாரின் கை தானாக முழங்காலுக்குப் போயிற்று. அவசரப்பட்டுக் கத்தி வைப்பானேன், காத்திருந்து பார்த்தால் என்ன குறைந்துபோகிறது என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை.

வீட்டுப் பெரியவர் அழுத்தினால் இந்தப் பெண் எப்படிப் பேசுவாள்? டாக்டரம்மா மாமியாரைப் பக்குவமாகப் பேசி வெளியே உட்கார வைத்தார்.

கணவன் ஆபரேஷனை விடவில்லை. அவள் அவனை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டரைப் பார்த்து, போன தடவை இவர் தியேட்டர் வாசலில் மயங்கி விழுந்துவிட்டார், இந்தத் தடவை அங்கே ஒரு நாற்காலி போட்டு வைத்தால் புண்ணியமாகப் போகும் என்று மட்டும் சொன்னாள். அந்த வாசலை நினைத்ததும் கணவனுக்கு முகம் வெளுத்தது.

"சாதாரணப் பிரசவம்னா நான் எங்க டாக்டர் இருக்கணும்?"

"விருப்பப்பட்டா அவ பக்கத்துலயே உக்காரலாம்."

"முடியலைன்னா எழுந்து போயிடலாமா?"

"எப்போ வேணும்னாலும்."

கணவனும் கட்சி மாறினான். காத்திருப்பதே நல்லது என்று மனைவிக்கு அவன் பாடம் நடத்தத் தொடங்க, டாக்டரம்மா அவனையும் வெளியே அனுப்பினார். அறையில் நர்ஸைத் தவிர யாரும் இல்லை. டாக்டரம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"இப்போ சொல்லும்மா. உன் மனசுல என்ன இருக்கு?"

"எனக்கு என்ன டாக்டர் தெரியும்?" போர்வை பிரிந்து மறுபடி மடிந்தது. "ஸ்கேன் எடுத்தவங்கதான் கேட்டாங்க, தழும்பு இவ்வளவு நல்லா ஆறியிருக்கே, தச்ச கை யாருதுன்னு. வேற யாராவது தச்சிருந்தா எனக்குப் பயமா இருந்திருக்கும்."

டாக்டரம்மாவுக்கு உச்சி குளிர்ந்தது.

"என் தையல் பிரியாதும்மா. நீ தாராளமா காத்திருக்கலாம்."

நர்ஸ் இருமினாள். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று டாக்டரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. மறுபக்கம் எதையாவது வைத்தாக வேண்டும். வெளியே இருந்த இருவரையும் கூப்பிட்டு, டாக்டரம்மாவே ஆபரேஷனுக்காக வாதாட ஆரம்பித்தார். இப்போதுதான் உங்கள் தையல் பிரியாது என்றீர்களே, கதவுக்கு வெளியே கேட்டதே என்று மாமியார் மடக்கினார். தையல் பிரியுமா பிரியாதா, ஒரே பேச்சாகச் சொல்லுங்கள் என்று கணவன் கையைப் பிசைந்தான். இவர் ஆபரேஷன் என்று சொல்லச் சொல்ல, அவர்கள் காத்திருப்பதில் இன்னும் உறுதியானார்கள். தன் தையலைத் தானே குறை சொல்லவும் டாக்டரம்மாவுக்கு மனம் வரவில்லை. கடைசியில் மூன்று பேரும் ஓய்ந்துபோய்க் கட்டிலைப் பார்த்தார்கள்.

அவள் போர்வையைக் கடைசி முறையாக மடித்து ஓரமாக வைத்தாள்.

"எல்லாரும் இவ்வளவு சொல்றீங்க. சரி, காத்திருந்தே பாக்கலாம்."

டாக்டரம்மா பலகையின் அடியில் 'தாயின் முடிவு' என்று போட்டு அதை எழுதியபோது கை கூசியது. இது எங்கே அவள் முடிவு? நேராகக் கண்காணிப்பாளரிடம் போய், நான் தோற்றுவிட்டேன், எல்லாருமாகச் சேர்ந்து அவளைத் தள்ளிவிட்டோம் என்று சொன்னார். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்றார் அவர்.

சில நாளில் வலி தானாக வந்தது. தியேட்டர் தயாராக இருந்தது, தேவைப்படவில்லை. சுலபமாகவும் இல்லை. கணவன் உள்ளே வருவதும் வெளியே போவதுமாகவே இருந்தான். டாக்டரம்மா நகராமல் பக்கத்திலேயே நின்றார். பெண் குழந்தை வீறிட்டு அழுதபோது தாயின் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து அவருக்கே கண் கலங்கியது. ஆனாலும் நெஞ்சில் அந்த முள் இருந்தது.

மறுநாள் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று வார்டுக்குப் போனார். அவளோடு ஒரே இடத்தில் வேலை பார்க்கும் பெண்மணி ஒருத்தி குழந்தையைப் பார்க்க வந்திருந்தாள். கட்டிலில் குழந்தைத் துணிகள் ஓரத்தோடு ஓரம் சேர்ந்து அடுக்காக இருந்தன.

"என்னை மன்னிச்சிடும்மா. உன் முடிவை நாங்க மூணு பேரும் எடுத்துட்டோம்."

"பரவாயில்ல டாக்டர்" என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டரம்மாவுக்கு இன்னும் பாவமாகப் போயிற்று. வந்தவளிடம் திரும்பினார். "நீங்களாவது சொல்லிக் குடுங்க. தனக்கு என்ன வேணும்னு ஒரு பொண்ணு வாயைத் திறந்து சொல்ல வேண்டாமா?"

வந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இவளா டாக்டர்? எங்க துணிக்கடையில இவளை மாதிரி விக்கிறதுக்கு ஆளே கிடையாது. 'உங்களுக்கு எது பிடிக்குதோ எடுங்க'ன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லுவா, ஆனா இவ மனசுல நினைச்சதைத் தவிர வேற எதையும் இதுவரைக்கும் யாரும் எடுத்துட்டுப் போனதில்லை."